மீண்டும் கற்ற கை

 

இம்மாதம் உங்களோடு ஒரு கையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது பந்து வீசும் ஒரு வாலிபரின் இடக்கை. கோவை நவஇந்தியா பகுதியிலுள்ள எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில், ஒரு மாலைப் பொழுதில், பத்துப் பதினைந்து கஜத் தூரத்தில் நின்று அக்கையை நான் கண்டேன். "குடும்பப் பத்திரிகையில் கிரிக்கெட் எதற்கு?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன். விஷயம் விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது.

என் மகள் வயிற்றுப் பேரன் கரும்புக்கடையில் இருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு மாணவன். அவனுடைய அத்தா வளைகுடாவில் பணிபுரிவதால், பையனின் நல்லது கெட்டதுகளில் பாதிப் பொறுப்பு என் தலையில். டென்னிஸ் பந்தை வேகமாக வீசுவதில் அவன் தெருவில் பெயர் எடுத்தவன். சென்ற ஆண்டு பள்ளி அணிக்குத் தேர்வு நடந்தபோது, பயிற்சி தருபவர் அவனுடைய இரண்டு பந்துகளைப் பார்த்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும், "தம்பி, நீ பந்து வீசவில்லை, மாங்காய்க்குக் கல் எறிகிறாய். போ" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தவன் பந்தைப் பரணில் போட்டான். அதன்பின் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது எனக்குள் வருத்தத்தைவிட நிம்மதியே மிகுதியாக இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ், இனியாவது பாடப் புத்தகத்தைத் திறப்பான்" என்றே எண்ணினேன். ஆனால் அவன் புத்தகத்தையும் திறக்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கணக்கில் ஒரு தவறு வந்தால் நோட்டையே மூடி வைத்தான். குர்ஆன் ஓதும்போது ஓரிடத்தில் திருத்தினால் அத்தோடு வாயையும் மூடிக்கொண்டான். பந்தில் தொடங்கியது பந்தோடு நிற்கவில்லை என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

அந்த வேளையில்தான் டி.என்.பி.எல். போட்டிகள் கோவைக்கு வந்தன. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராஜன் ஆடவிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பேரனை வலுக்கட்டாயமாக அழைத்துச் சென்றேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். வீரர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வேலியோரமாக நின்று நாங்கள் பார்த்தோம். வாசகர்களே, தொலைக்காட்சியில் நூறு ஆட்டம் பார்த்தவர்கூட, நேரில் பார்க்கும் வரை வேகப்பந்து இன்னதென்று அறிய மாட்டார். தொலைக்காட்சிக் காமிரா வெகு தொலைவில், உயரத்தில், பந்து வீசுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்க்கிறது. அதில் பந்து ஏதோ மிதந்து போவது போலத் தோன்றும். பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஓடி வரும் காலடியின் அதிர்ச்சி தரையில் தெரிகிறது. துள்ளி எழுந்து முன்காலை ஊன்றும்போது 'தொம்' என்றொரு சத்தம். உடம்பின் ஓட்டம் அந்தக் காலில் வந்து தடைபட, இடுப்பும் தோளும் சுழல, கை காதோரமாக வந்து இறங்குகிறது. அதற்குப் பின் பந்தை நாம் காண்பதில்லை. ஒரு வெள்ளைக் கோட்டையே காண்கிறோம்.

மணிக்கு 135 கிலோமீட்டர் வேகத்தில் விடுபடும் பந்து, மட்டையாளரை எட்ட ஏறத்தாழ அரை நொடி போதும். நாம் 'பிஸ்மில்லாஹ்' சொல்லி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. அந்த அரை நொடிக்குள் பந்து எங்கே விழ வேண்டும்? மட்டையாளரின் கால் விரல்களின் அருகே, மட்டையின் அடியில். இதையே 'யார்க்கர்' என்கிறார்கள். சற்று நீண்டுவிட்டால் தரையைத் தொடாமலே வந்து அடிவாங்கும். சற்றுக் குறைந்துவிட்டால் மட்டைக்கு வாகாக எழும்பிவிடும். நடராஜனுக்குப் புகழ் சேர்த்தது இந்தப் பந்துதான். ஒன்றன்பின் ஒன்றாக அதையே அவர் வீசிக்கொண்டிருந்தார். வீசுவார், திரும்பி நடப்பார், நின்று மூச்சு வாங்குவார், மீண்டும் ஓடி வருவார். கைதட்ட அங்கே கூட்டம் இல்லை.

பேரன் கம்பியைப் பிடித்தபடி வாய் பேசாமல் நின்றான். நெடுநேரம் கழித்து, "நன்னா, இவர் கையையும் தப்பு என்று சொன்னார்களாமே, உண்மையா?" என்று கேட்டான். நான் சொல்ல நினைத்திருந்ததை அவனே கேட்டுவிட்டான்.

ஆம், உண்மைதான். நடராஜன் வசதியான வீட்டில் பிறந்தவரல்லர். தந்தை தறித் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் சிறு கடை வைத்துப் பிழைத்தவர். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். ஏறத்தாழ இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் மட்டுமே ஆடியவர். ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் என்பவர் இவருடைய திறமையை உணர்ந்து சென்னைக்கு வழிகாட்டினார். அந்த நன்றியை மறவாமல், பின்னாளில் தம் சட்டையின் முதுகில் அவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து 'ஜே.பி. நட்டு' என்று பொறித்துக்கொண்டார் நடராஜன். 2015 ஜனவரியில் தமிழகத்துக்காக ரஞ்சிக் கோப்பையில் முதல் முறையாகக் களமிறங்கினார். கனவு பலித்தது என்று எண்ணிய அந்த வேளையில்தான், அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என்று புகார் எழுந்தது.

இங்கே விதியைச் சற்று விளக்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்தை வீசலாம், எறியக் கூடாது. மடங்கிய முழங்கை, பந்து விடுபடும்போது நிமிர்ந்தால் அது எறிதல். 2005 முதல், அந்த நிமிர்வு 15 பாகைக்குள் இருந்தால் குற்றமில்லை என்று வைத்திருக்கிறார்கள். வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு அது. ஆனால் அந்தப் பழியைச் சுமந்தவனுக்கு அது மலையளவு. பிறந்தது முதல் பேசிவந்த மொழியை மறந்துவிட்டு வேறு மொழி பேசு என்று சொல்வதற்கு ஒப்பானது அது. நடராஜன் ஊருக்குத் திரும்பித் தறிக்கே போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. சுனில் சுப்பிரமணியம் போன்ற முன்னாள் வீரர்கள் துணை நிற்க, பந்துவீச்சை அடியிலிருந்து மீண்டும் கற்றார். 2016இல் டி.என்.பி.எல். போட்டியில் அவருடைய யார்க்கர்களை நாடே கவனித்தது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது.

2020 நவம்பரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அவர் அமீரகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். வீடு திரும்பாமல் அங்கிருந்தே இந்திய அணியோடு ஆஸ்திரேலியா சென்றார். வலைப்பயிற்சிக்குப் பந்து வீச அழைத்துச் செல்லப்பட்டவர், அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பிரிஸ்பேனில் 2021 ஜனவரி 15 அன்று தொடங்கிய டெஸ்டில், முதல் இன்னிங்ஸில் அவருக்கு 3 விக்கெட்டுகள் கிடைத்தன. 1988க்குப் பின் ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் கண்ட முதல் தோல்வி அது.

அதே ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்ஸில் 5 விக்கெட்டுகள் வீழ்த்தியவர் ஹைதராபாத்தின் முஹம்மது சிராஜ். ஆட்டோ ஓட்டி அவரை வளர்த்த தந்தை, அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது மரணமடைந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவில் பங்கேற்க முடியாத அம்மகன், நாடு திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேரே கப்ருஸ்தானுக்குச் சென்று தந்தைக்காக துஆச் செய்தார். ஒருவர் குழந்தையின் பிறப்பைக் காணவில்லை; மற்றவர் தந்தையின் முகத்தைக் கடைசியாகக் காணவில்லை. கையின் வலிமையை மட்டும் காணும் நாம், அதற்குப் பின்னாலுள்ள இவற்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

வாசகர்களே! கிரிக்கெட்டுக்கு மார்க்க ஆதாரம் தேடும் முயற்சி அன்று இது. ஆனாலும் அன்று மைதானத்தில் நிற்கும்போது இரண்டு ஹதீஸ்கள் என் நினைவுக்கு வந்தன.

உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் முதிய வயதிலும் இரண்டு குறிகளுக்கிடையே நடந்து நடந்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். தள்ளாத காலத்தில் இந்தச் சிரமம் ஏன் என்று ஒருவர் வினவினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு வார்த்தையைக் கேட்டிராவிட்டால் இச்சிரமத்தை ஏற்றிருக்க மாட்டேன் என்று உக்பா (ரலி) பதிலளித்தார்கள். அம்பெய்யக் கற்று, பின் அதைக் கைவிட்டவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்பதே அதன் கருத்து. ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. அன்றைய அம்பும் இன்றைய பந்தும் ஒன்றல்ல. என்றாலும், அல்லாஹ் தந்த ஒரு திறமையைக் கற்றபின் கைவிடுவது சிறிய காரியமல்ல என்பது அதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம்.

மற்றொன்று, புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது. ஒரு மனிதர் பள்ளிவாசலில் அவசரமாகத் தொழுதுவிட்டு வந்து நபி (ஸல்) அவர்களுக்கு ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் கூறிய நபியவர்கள், அவர் தொழவே இல்லை, திரும்பிச் சென்று தொழ வேண்டும் என்றார்கள். மூன்று முறை இவ்வாறே நிகழ்ந்தது. இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அம்மனிதர் கேட்டார். உடனே நபியவர்கள் தக்பீர் முதல் ருகூஉ, ஸுஜூது வரை ஒவ்வொன்றாக, நிதானமாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதில் இரு தரப்பாருக்கும் பாடம் இருக்கிறது. திருத்தப்பட்டவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. கற்றுத் தாருங்கள் என்று கேட்டார். திருத்தியவர்களோ, தவறு என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. சரியானதையும் காட்டிக் கொடுத்தார்கள். நாமோ முதல் பாதியை மட்டும் செய்கிறோம். பள்ளியில் அந்தப் பயிற்சியாளர் செய்தது அதுவே. என் பேரன் ஓதும்போது நான் செய்ததும் அதுவே என்பதை அந்த வேலியோரத்தில் உணர்ந்து வெட்கப்பட்டேன்.

மக்ரிப் நேரம் நெருங்கியதும் இருவரும் வெளியே வந்து தொழுதோம். திரும்பும் வழியில் பேருந்தில் அவன், "கையை மாற்ற எத்தனை நாள் ஆகும் நன்னா?" என்று மட்டும் கேட்டான். "அவருக்கே மாதக் கணக்கில் ஆயிற்று" என்றேன். வேறொன்றும் பேசவில்லை.

பரணிலிருந்து பந்து இறங்கியது. கல்லூரி அணியில் ஆடிய எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன், இவன் வீசுவதைச் செல்போனில் படமெடுத்து, எந்த இடத்தில் முழங்கை மடங்குகிறது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறான். அஸருக்குப் பின் மைதானம், மக்ரிபுக்குப் பள்ளிவாசல், இஷாவுக்கு முன் கணக்கு நோட்டு என்பது அவனுடைய அம்மா விதித்திருக்கும் நிபந்தனை. இப்போது அவனுடைய பந்து முன்பைவிட மெதுவாகவே வருகிறது; தெருப் பிள்ளைகள் அடித்து நொறுக்குகிறார்கள். ஆனாலும் போகிறான். அவன் பெரிய வீரனாவானா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஓதும்போது நான் திருத்தினால் இப்போதெல்லாம் வாயை மூடிக்கொள்வதில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்கள் நன்னா" என்கிறான். நானும் சொல்லிக் கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையாவது எதையாவது பரணில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது தையல் வேலையாக இருக்கலாம். ஓவியமாக, அரபு எழுத்தணியாக, பந்தாகவும் இருக்கலாம். அதை யார் சொல்லிப் போட்டது என்று விசாரியுங்கள். ஒருவேளை அது நீங்களாகவே இருந்தால், மீதிப் பாதியைச் செய்ய இன்னும் நேரமிருக்கிறது.