பாவம் டர்போ, அது என்ன பண்ணுச்சு?

போன வாரம் பழைய கார் ஒண்ணு பார்க்கப் போனேன் மக்களே. 2013 ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 1.0 ஈகோபூஸ்ட் பெட்ரோல். பள்ளிக்கூடத்துல படிக்கும்போது அந்த வண்டியைப் பார்த்து ஜொள்ளு விட்டவன் நான். மெக்கானிக்கல் முடிச்சிட்டு பொட்டி தட்டுற பாவத்துக்குப் பரிகாரமா இதையாவது வாங்கி ஓட்டணும்னு நாலு வருஷமா சேர்த்த காசு கையில் இருக்கு.

வீட்டுல சொன்னதும் பெரிய மாமா ஆரம்பிச்சுட்டார். "மூணு சிலிண்டர், ஆயிரம் சிசி, அதுல டர்போ வேற. குருவி தலையில பனங்காயை வச்ச மாதிரி. தாங்காதுப்பா." நண்பன் நேர் எதிர். "டேய், மூணு வருஷம் தொடர்ந்து உலகத்தின் சிறந்த என்ஜின்னு பரிசு வாங்கினதுடா. கண்ணை மூடிட்டு வாங்கு."

என்னைக் கேட்டா ரெண்டு பேரும் சொல்றது தப்பு. இந்த மாமாவும் இந்த நண்பனும் எல்லார் வீட்டிலும் இருக்கிறதால பதிவாவே போட்டுடறேன்.

முதல்ல மாமா. 999 சிசி என்ஜின்ல 125 பிஎஸ், 1400 ஆர்பிஎம்லயே 170 என்எம். பேப்பர்ல பார்த்தா பயமாத்தான் இருக்கும். ஆனா செஞ்சவங்க முட்டாள் இல்லை. பிளாக் அலுமினியம் இல்லை, வார்ப்பிரும்பு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தனியா மாட்டாம சிலிண்டர் ஹெட்டோட ஒரே வார்ப்பா வார்த்து, கூலன்ட் அதைச் சுத்தி ஓடுற மாதிரி வச்சாங்க. புகை டர்போவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே சூடு குறைஞ்சிடும். அந்தக் குட்டி டர்போ நிமிஷத்துக்கு 2,48,000 சுத்து வரைக்கும் சுத்தும். அது நம்மகிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு: சுத்தமான எண்ணெய், சரியான அழுத்தத்துல. அது கிடைச்சா தன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போகும். நின்னு போனா, சாகற முதல் ஆளுங்கள்ல அதுவும் ஒண்ணு. ஊர் உடனே "பார்த்தியா, டர்போ போச்சு"ன்னு சொல்லும். எண்ணெய் ஏன் வரலைன்னு யாரும் கேக்கறதில்லை.

நான் கேக்கறேன். டைமிங் பெல்ட்னா நமக்குத் தெரிஞ்சது என்ன? என்ஜினுக்கு வெளியே, ஒரு மூடிக்குப் பின்னாடி, எண்ணெய் படாம ஓடுற ரப்பர் பட்டை. ஈகோபூஸ்ட்ல அந்தப் பல்லு வச்ச ரப்பர் பெல்ட்டை என்ஜினுக்கு உள்ளேயே, எண்ணெயில் நனையற மாதிரி ஓட விட்டாங்க. உராய்வு குறையும், சத்தம் குறையும், மைலேஜ் கொஞ்சம் கூடும். ஆயில் பம்புக்கும் அதே மாதிரி இன்னொரு பெல்ட். எண்ணெயோ வயசாகிற சரக்கு. சின்னச் சின்ன ஓட்டத்துல பெட்ரோல் அதுல கலக்கும், மாத்தாம விட்டா கெட்டுப் போகும். அந்த எண்ணெயில் ஊறுற ரப்பர் உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த துகள் எங்க போகும்? நேரா ஆயில் பம்ப் வாயில இருக்கற சல்லடைக்கு. சல்லடை அடைச்சா அழுத்தம் போச்சு. அப்புறம் டர்போ, கிராங்க் பேரிங் எல்லாத்துக்கும் சங்கு.

இப்ப நண்பன். 2012, 13, 14 மூணு வருஷமும் அந்தப் பரிசு கிடைச்சது உண்மை. கொடுத்த ஜூரி கார் பத்திரிகையாளர்கள். புது வண்டியை ஓட்டிப் பார்த்து மார்க் போட்டாங்க. ஏ4 தாள் அளவுக்குள்ள அடங்கற என்ஜின்னு எல்லாரும் எழுதினாங்க. பத்து வருஷம் கழிச்சு ஆயில் சம்பைக் கழட்டிப் பார்த்தா மார்க் போட முடியும்?

பிரிட்டன்ல இந்த பெல்ட்டுக்குச் சொன்ன ஆயுசு 10 வருஷம் அல்லது 1,50,000 மைல், எது முதல்ல வருதோ அது. அந்தக் கணக்கையே நம்பினாலும் 2013 வண்டிக்கு 2023லயே கெடு முடிஞ்சு போச்சு.

அதே 2023 டிசம்பர்ல அமெரிக்காவுல ஏறக்குறைய 1.4 லட்சம் ஈகோஸ்போர்ட், ஃபோகஸ் வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைச்சது. ஆயில் பம்ப் பெல்ட்டோட டென்ஷனர் உடைஞ்சு எண்ணெய் அழுத்தம் போயிடலாம், ஓடிட்டு இருக்கும்போதே என்ஜின் நின்னு பிரேக்குக்குப் பவர் இல்லாம போகலாம்னு காரணம் சொன்னாங்க. அமெரிக்காவுக்குப் போன அந்த ஈகோஸ்போர்ட் எல்லாம் நம்ம மறைமலைநகர்ல அசெம்பிள் ஆனது!

இது ஒரு கம்பெனி தலையெழுத்து மட்டும் இல்லை. பிரெஞ்சுக்காரங்களோட 1.2 ப்யூர்டெக்கும் இதே எண்ணெய் பெல்ட், இதே உதிர்தல், அதுவும் பரிசு வாங்கினதுதான். கடைசியில அவங்களும் சங்கிலிக்கு மாறினாங்க. ஃபோர்டே பின்னாடி வந்த பதிப்புகள்ல கேம் ஷாஃப்டுக்குச் சங்கிலி போட்டது. சுசுகியோட 1.0 பூஸ்டர்ஜெட்டும் மூணு சிலிண்டர் டர்போதான், சங்கிலி. ஃபோக்ஸ்வேகன் 1.0 டிஎஸ்ஐயும் அப்படியே, பெல்ட்தான், ஆனா எண்ணெய் படாத பெல்ட். ஆக மாமா, சின்ன என்ஜினும் டர்போவும் குற்றவாளி இல்லை.

"ஒழுங்கா ஆயில் மாத்தினா ஒண்ணும் ஆகாது தம்பி"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். பாதி உண்மை. இந்த என்ஜினுக்கு 5டபிள்யூ-20, அதுவும் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பின்னு ஒரு குறியீடு உள்ள எண்ணெய்தான் ஊத்தணும். ஊத்தினா ஆயுசு கூடும். ஆனா விளம்பரத்துல 125 பிஎஸ்ஸை ஆளுயரத்துக்குப் போட்டவன், என்ஜின் உயிரே தொங்கற இந்த ஒரு வரியை மேனுவலுக்குள்ள பொடி எழுத்துல போட்டான் பாருங்க, அங்கதான் எனக்கு எரியுது. நாங்க ஆபீஸ்ல இப்படி ஒரு டிபென்டன்சியை ஒளிச்சு வச்சா கோட் ரிவ்யூவுலயே கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. வாங்கறவங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. சன்ரூஃப் இருக்கான்னு கேப்போம், டைமிங் எதுல ஓடுதுன்னு கேக்க மாட்டோம்.

நிற்க. வண்டிக்காரர் நல்ல மனுஷர். காபி கொடுத்து, சர்வீஸ் பில் கட்டையே எடுத்து வச்சார். 2017 வரைக்கும் எல்லாத்துலயும் எண்ணெய் கிரேடு தெளிவா இருக்கு. அதுக்கப்புறம் ஏதோ ஒரு ஒர்க்ஷாப் பில். "இன்ஜின் ஆயில் - 1", அவ்வளவுதான். "பெல்ட் மாத்தினீங்களா சார்?"னு கேட்டேன்.

"ஃபேன் பெல்ட்டா? போன வருஷம்தான் மாத்தினேன்"னார்.

அந்த டைமிங் பெல்ட்டை மாத்தணும்னா டைமிங்கைப் பூட்டத் தனி டூல் வேணும், அது இருக்கற கையும் வேணும். இந்த ஊர்ல ரெண்டும் யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சுட்டு இருக்கேன். தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. மனசு இன்னும் அந்த வண்டி மேலதான் இருக்கு, மாமாகிட்ட மட்டும் போட்டுக் கொடுத்துடாதீங்க :-)