மூல நிரலிலிருந்து இயங்குதளத்தைப் புதுப்பித்தல்: நாம் கற்க வேண்டிய தொழில்

ஒரு கருவியை வாங்கிப் பயன்படுத்துவது வேறு. அது ஆக்கப்படும் வகையை அறிந்து பயன்படுத்துவது வேறு. கிணற்றுப் பம்பைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருப்பாராயின், அந்தப் பம்பு பல்லாண்டு உழைக்கிறது. அத்தகையவர் இல்லாத ஊரில், சிறு வளையம் ஒன்று தேய்ந்ததற்காகப் பம்பு முழுவதும் துருப்பிடித்துக் கிடக்கிறது. கணிப்பொறிக்கும் இது பொருந்தும். இன்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஆய்வு நிலையங்களிலும் கணிப்பொறிகள் பெருகியுள்ளன. ஆனால் அவற்றை இயக்கும் அடிப்படை மென்பொருளாகிய இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் வேலை, பெரும்பாலான இடங்களில் பொத்தானை அழுத்துவதோடு முடிந்துவிடுகிறது. அல்லது, அழுத்தினால் யாது நேருமோ என்னும் அச்சத்தால் ஆண்டுக்கணக்கில் செய்யப்படாமலே இருந்துவிடுகிறது.

தொழில்நுட்பப் பயிற்சி தரும் ஒவ்வொரு நிலையமும், இயங்குதளத்தை அதன் மூல நிரலிலிருந்தே கட்டி மேம்படுத்தும் முறையைத் தன் மாணவருக்கும் பணியாளருக்கும் ஒரு முறையேனும் செய்து பழகக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லா இயந்திரங்களையும் இவ்வாறே பேண வேண்டும் என்று நான் கூறவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் இவ்வேலையை அறிந்த சிலர் இருத்தல் வேண்டும் என்றே கூறுகிறேன்.

மூல நிரலும் கல்வியும்

மனிதர் படித்தறியத்தக்க வடிவில் எழுதப்படுவது மூல நிரல். அதனைக் கம்பைலர் என்னும் மற்றொரு நிரல் இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. நாம் சாதாரணமாக விலைக்கு வாங்குவது இவ்வாறு மாற்றப்பட்டு முடிந்த பண்டம். அதனை இயக்கலாம், ஆனால் எளிதில் படித்தறிய இயலாது.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டு கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம், 1973-இல் ‘சி’ மொழியில் திருப்பி எழுதப்பட்டது. பல்கலைக்கழகங்களுக்கு அது மூல நிரலோடு உரிமம் பெற்றுக் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லயன்ஸ், 1976-இல் அந்நிரலுக்கு வரிக்கு வரி விளக்கம் எழுதி மாணவருக்குப் பாடமாக வைத்தார். ஆனால் 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்துவதைத் தடை செய்தது. லயன்ஸின் நூல் முறைப்படி அச்சேறியது 1996-இல்தான். இடைப்பட்ட காலத்தில் அதன் நகல்கள் கைக்குக் கை மாறி உலகெங்கும் படிக்கப்பட்டன. பாடம் நடத்த நிரல் இல்லாமற்போன குறையைத் தீர்க்கவே, நெதர்லாந்தில் ஆண்ட்ரூ டனன்பாம் 1987-இல் மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தை எழுதி நூலோடு வெளியிட்டார். நிரலைக் காட்டாமல் இயங்குதளத்தைக் கற்பிக்க முடியாது என்பதை ஆசிரியர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தார் 1978 முதல் தாம் செய்த திருத்தங்களை நாடாக்களில் பதித்து வழங்கி வந்தனர். அந்த மரபிலே 1993-இல் தோன்றியது ஃப்ரீபிஎஸ்டி. அதன் கெர்னல் எனப்படும் உட்கருவும், அன்றாடக் கருவி நிரல்களும் ஒரே மூலத் தொகுப்பில் சேர்ந்தே கிடைக்கின்றன. முழுத்தளத்தையும் சில கட்டளைகளால் கட்டிவிடலாம். ஆகவே கற்பிப்பதற்கு இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

வரிசையின் காரணம்

வேலையின் வரிசை இது. புதிய மூல நிரலை இறக்கிக்கொள்ள வேண்டும். அதனுடன் வரும் ‘அப்டேட்டிங்’ என்னும் குறிப்புக் கோப்பைப் படிக்க வேண்டும். பின்னர் ‘பில்ட்வேர்ல்ட்’ என்னும் கட்டளையால் கருவி நிரல்கள் அனைத்தையும், ‘பில்ட்கெர்னல்’ என்பதால் உட்கருவையும் கட்ட வேண்டும். அடுத்து உட்கருவை மட்டும் நிறுவி, இயந்திரத்தை மீண்டும் தொடங்க வேண்டும். அது செவ்வனே எழுந்த பின்னரே ‘இன்ஸ்டால்வேர்ல்ட்’ கட்டளையால் மற்றவற்றை நிறுவ வேண்டும். அமைவுக் கோப்புகளை இணைத்து, பழைய எச்சங்களை நீக்குவதோடு வேலை முடிகிறது.

இவ்வரிசையை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ஒவ்வொரு படியும் ஏன் அவ்விடத்தில் நிற்கிறது என்பதை மாணவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டும் வேலை நடக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் எந்தக் கோப்பும் மாறுவதில்லை. விளைவுகள் யாவும் தனி அடைவு ஒன்றில் சேர்கின்றன. எனவே கட்டுதல் பாதியில் தடைப்பட்டாலும், மின்சாரம் நின்றாலும், பழைய தளத்துக்கு ஊறு இல்லை. மேலும், பழைய கம்பைலர் புதிய நிரலைப் புரிந்துகொள்ளாமற் போகலாம். ஆதலால் தேவையான போது முதலில் புதிய கம்பைலரே கட்டப்பட்டு, அதைக் கொண்டு மற்றவை கட்டப்படுகின்றன. உளியைத் தீட்டிக்கொண்டு மரத்தைச் செதுக்கும் தச்சனின் முறையே இது.

உட்கருவை முதலில் நிறுவுவதற்கும் காரணம் உண்டு. கோப்பைத் திற, படி, எழுது என்று கருவி நிரல்கள் உட்கருவிடம் விடுக்கும் வேண்டுகோள்கள் ஆண்டுதோறும் சிறிது மாறுகின்றன. புதிய உட்கரு பழைய வேண்டுகோள்களையும் ஏற்கும்படி அமைக்கப்படுகிறது. பழைய உட்கருவோ புதிய வேண்டுகோளை அறியாது. 2017 மே மாதம் ஃப்ரீபிஎஸ்டியின் மூலத்தில் நேர்ந்த ஒரு மாற்றம் இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு கோப்புக்கும் வழங்கப்படும் வரிசை எண் அதுவரை 32 பிட்டு அகலம் உடையதாக இருந்தது. பெரிய வட்டுகளின் தேவையை முன்னிட்டு அது 64 பிட்டாக விரிக்கப்பட்டது. உட்கருவை நிறுவி மறுதொடக்கம் செய்த பின்னரே மற்றவற்றை நிறுவ வேண்டும் என்று குறிப்புக் கோப்பு அப்போது தெளிவாகக் கூறியது. வரிசையை மாற்றினால், கோப்புகளைப் பட்டியலிடும் எளிய கருவி கூடப் பழைய உட்கருவின்மேல் ஓடாது. நிறுவும் வேலையே அக்கருவிகளை நம்பி நடப்பதால் அதுவும் நடுவழியில் நின்றுவிடும். குறிப்பைப் படித்தவருக்கு இது ஒரு மறுதொடக்கத்தோடு முடிந்த விஷயம்.

அமைவுக் கோப்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இயந்திரத்தின் பெயர், வலையமைப்பு விவரம், பயனாளர் பட்டியல் முதலியன அவற்றில் உள்ளன. அவற்றில் நிலையத்தார் செய்துகொண்ட மாற்றங்களும் உண்டு. புதிய பதிப்பு கோரும் மாற்றங்களும் உண்டு. பழைய மூலப் பிரதி, புதிய மூலப் பிரதி, நம்முடைய பிரதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, முரண்படாதவற்றைத் தானே இணைத்து, முரண்படுமிடத்தில் மட்டும் நம்மைக் கேட்கும் கருவி ஒன்று ஃப்ரீபிஎஸ்டியில் உண்டு. அக்கேள்விக்கு விடையளிக்க, அந்த வரியை முன்னர் யார், எதற்காக மாற்றினார் என்பது தெரிய வேண்டும். மாற்றம் செய்யும்போதே தேதியும் காரணமும் குறித்து வைக்கும் வழக்கம் இல்லாத நிலையத்தில் இந்தக் கட்டமே பெருந்தொல்லை தரும். ஆகவே பதிவேட்டுப் பழக்கத்தையும் இப்பயிற்சி வளர்க்கிறது.

திரும்பும் வழி ஒன்றை வைத்துக்கொள்ளாமல் எவரும் இவ்வேலையைத் தொடங்கலாகாது. ‘ஜீஎஃப்எஸ்’ என்னும் கோப்பு முறையைப் பயன்படுத்துவோர், தளத்தின் அன்றைய நிலையை நொடிப்பொழுதில் தனிச் சூழலாகப் பதிந்து வைக்கலாம். புதியது எழாவிட்டால் தொடக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்து வேலையைத் தொடரலாம். அம்முறை இல்லாதோர் முழுப் பிரதி எடுத்து வைப்பதோடு, அப்பிரதியிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தும் வைத்தல் நன்று.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றை ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, காலச் செலவு. முழுத்தளத்தையும் கட்டுவதற்கு வலிய புதிய இயந்திரத்துக்குச் சிறிது நேரம் போதும். பழைய இயந்திரம் ஓர் இரவு முழுவதும் உழைக்க நேரும். மின்தடை மிகுந்த இடங்களில் இது சிறு இடையூறன்று. ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தாரே கட்டி முடித்த தளத்தையும் வழங்குகின்றனர். அதே மரபைச் சேர்ந்த ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தாரோ, ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குச் செல்ல மூலத்திலிருந்து கட்டும் வழியை ஆதரிப்பதே இல்லை. கட்டி முடித்ததை நிறுவுமாறே கூறுகின்றனர். அறிவுள்ள பொறியாளரின் அறிவுரை இது. பொதுமக்களுக்குச் சேவை செய்யும் இயந்திரங்களில் இதனையே பின்பற்றலாம். மூலத்திலிருந்து கட்டும் பயிற்சியைப் பயிற்சி இயந்திரத்தில் செய்தல் போதும்.

இரண்டாவது எதிர்வாதம் ஆழமானது. மூல நிரலைப் பார்த்துக் கட்டினால் வஞ்சகம் புகாது என்று எண்ணுவது தவறு என்பர். உண்மையே. 1983-ஆம் ஆண்டின் டூரிங் பரிசை ரிச்சியோடு பகிர்ந்துகொண்ட தாம்சன், 1984-இல் அச்சான தம் உரையில் இதனை விளக்கினார். கம்பைலரிலேயே ஒரு சூழ்ச்சியை வைத்துவிட்டால், உள்நுழைவு நிரலின் மூலம் தூயதாக இருந்தாலும் கட்டி முடித்த நிரலில் கள்ளக் கதவு அமைந்துவிடும். அக்கம்பைலரைத் தூய மூலத்திலிருந்து மீண்டும் கட்டினாலும் சூழ்ச்சி தொடரும்.

2024 மார்ச்சு 29-ஆம் நாள் வெளிப்பட்ட ‘எக்ஸ்இசட்’ விவகாரம் மற்றொரு பாடம். சுருக்கக் கருவியாகிய அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு வைக்கப்பட்டிருந்தது. அதனைத் தூண்டும் கட்டுமானக் கோப்பு, எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென மூட்டையாகக் கட்டிய பிரதியில் மட்டுமே இருந்தது. தொலைவிலிருந்து உள்நுழையும் நிரல் ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராயிண்டு என்னும் பொறியாளர், காரணத்தைத் தேடிச் சென்று இதனைக் கண்டுபிடித்தார். ஃப்ரீபிஎஸ்டியின் வளர்ச்சிக் கிளைகளில் 5.6.0 இடம்பெற்றிருந்தும், கள்ளக் கதவின் பாகங்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அத்திட்டத்தார் தமக்கென வேறு கட்டுமான முறையையும் வைத்திருந்தனர். அன்றியும் அச்சூழ்ச்சி லினக்ஸ் தளங்களையே குறிவைத்தது.

இதிலிருந்து நான் பெறும் முடிவு இது: மூலம் கையில் இருப்பது மட்டும் காப்பு ஆகாது. மூலத்துக்கும் முடிந்த பண்டத்துக்கும் இடையில் நடப்பதை அறிந்த கண்கள் வேண்டும். அரை நொடித் தாமதத்தை ஐயத்தோடு நோக்கும் மனம், தானே கட்டிப் பழகிய அனுபவத்தில் எளிதாக விளைகிறது.

மூன்றாவது, ‘ஓடுவதை ஏன் தொட வேண்டும்?’ என்னும் கேள்வி. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீடு’ என்னும் பிழை, ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் தொகுதியில் 2012 முதல் இருந்து வந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் அன்றைய புதிய பதிப்பாகிய 10.0 அதற்கு உள்ளாயிற்று. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் கொண்டிருந்த 8, 9 வரிசைகள் தப்பின. புதியதெல்லாம் நன்று அன்று என்பதை இது காட்டும். ஆனால் மறுபுறமும் உண்டு: 12-ஆம் வரிசைக்கு 2023 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது, அதன் பின்னர் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அவ்வரிசையில் திருத்தம் வாராது. கண்மூடிப் புதுப்பித்தலும் தீது, புதுப்பியாமையும் தீது. அறிவிப்பைப் படித்து, தம் இயந்திரத்துக்கு அது பொருந்துமா என ஆராய்ந்து செய்வதே முறை. ஹார்ட்பிளீடின் திருத்தம், வந்த செய்தியின் நீளத்தைச் சரிபார்க்கும் சில வரிகளே. அவ்வரிகளைப் படித்தறிந்து நிரலில் சேர்த்துக் கட்டத் தெரிந்தவர், அறிவிப்பைக் கண்டு கலங்கமாட்டார்.

செய்யத்தக்கவை

திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை இந்திய அரசு 2015-இல் வெளியிட்டது. நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் பயனாளருக்கு உரிமை இருத்தல் வேண்டும் என்று அது கூறுகிறது. உரிமை ஏட்டில் உள்ளது. அதனைக் கையாளும் திறமையை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும். நிரல் திறந்து கிடந்தும், அதிலிருந்து தளத்தைக் கட்டத் தெரிந்தவர் நம் நிலையத்தில் ஒருவரும் இல்லையெனில், அவ்வுரிமை பூட்டிய பெட்டியிலுள்ள நகையைப் போன்றதே.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. கழித்து ஒதுக்கிய கணிப்பொறி ஒன்றையோ, ஓர் இயந்திரத்துக்குள் மற்றோர் இயந்திரத்தைப் பாவனையாக இயக்கும் மென்பொருளையோ கொண்டு இப்பயிற்சியை நடத்தலாம். நால்வர் கொண்ட குழு ஒவ்வொன்றும் குறிப்புக் கோப்பைப் படித்து, தமக்குப் பொருந்தும் பகுதியைத் தாய்மொழியில் எழுதித் தரட்டும். மாலையில் கட்டத் தொடங்கி மறுநாள் விளைவைக் காணட்டும். உட்கருவை மாற்றியதும் இயந்திரம் எழாதவாறு ஒரு முறை வேண்டுமென்றே செய்து, பழைய உட்கருவால் மீட்கவும் பழக்க வேண்டும். மீட்கப் பழகியவருக்கே புதுப்பிக்கத் துணிவு வரும்.

களப் பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளியது. தம் பொறுப்பிலுள்ள ஒவ்வோர் இயந்திரத்திலும் எந்தப் பதிப்பு ஓடுகிறது, அதற்கான ஆதரவு எந்நாள் முடிகிறது, திரும்பும் பிரதி எங்குள்ளது, அதிலிருந்து கடைசியாக மீட்டுப் பார்த்த நாள் எது என்னும் நான்கு செய்திகளையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைத்துக்கொள்க. இந்த நான்கில் எது நிரப்பப்படாமல் இருக்கிறதோ அதுவே அடுத்த வாரத்தின் முதல் வேலையாகட்டும்.