நாற்சுவர்க் கணக்கு

சேலத்தினின்று விருத்தாசலஞ் செல்லும் இருப்புப்பாதையிலுள்ள சின்னசேலம் எமது ஊர். சென்ற பொங்கலுக்குமுன் வீட்டறை யொன்றின் சுவர்கட்கு வெள்ளையடிக்க ஏற்பாடாயிற்று. அறையின் நீளம் 12 அடி. அகலம் 10 அடி. உயரம் 9 அடி. கூலி சதுர அடிக் கணக்கு. ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் என் தம்பி, கனச்செவ்வகத்தின் சூத்திரத்தைப் பிழையின்றி ஒப்பித்து, 636 சதுர அடி என்றான்.

வேலைக்கு வந்த முதியவர் ஒன்றும் பேசாது கயிறு பிடித்து நான்கு சுவரையுஞ் சுற்றியளந்தார், 44 அடி. அதனை உயரத்தாற் பெருக்கி, "396தான், தம்பி. தரைக்கும் மச்சுக்குமா சுண்ணாம்பு அடிக்கப்போகிறேன்?" என்றார். கதவு, சன்னல்களுக்கும் கழித்தார். தமக்கு வரவிருந்த மிகுதிக் கூலியைத் தாமே குறைத்த அவரது நேர்மை ஒருபுறம் நிற்க, தம்பி பிழைத்ததெங்கே?

அவன் சொன்னது மொத்தப் புறப்பரப்பு, வேண்டியது பக்கப்பரப்பு. தரையும் மச்சும் 120 வீதம் 240 மிகுந்துவிட்டன. நான்கு சுவரையும் பிரித்து ஒரே வரிசையாக நிறுத்தின், அது 44 அடி நீளமும் 9 அடி உயரமுமுள்ள ஒரே செவ்வகமன்றோ? ஆகவே நீளத்தையும் அகலத்தையுங் கூட்டி, இரட்டித்து, உயரத்தாற் பெருக்குக என்பது விதி. இதனை உணர்ந்தவனுக்கு ஐங்கோண மண்டபமாயினும், உருண்டைத் தூணாயினும் வேறு விதி வேண்டா; சுற்றளவும் உயரமுமே போதும்.

அங்ஙனமாயின் சூத்திரம் வேண்டாவோ எனின், வேண்டும். முதியவரின் கயிறும் சூத்திரமே. ஆயின் அஃது உரையோடு கூடிய சூத்திரம். தமிழ் பயில்வோராகிய நாம் நன்னூற் சூத்திரத்தை வாளா ஒப்பித்து அமைவதில்லை. கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை என்னும் ஐந்தாலும் பொருள் விளக்குவதே காண்டிகையுரை என அந்நூலே வகுத்துள்ளது. இலக்கணத்திற்கு வேண்டிய இவ்வுரை கணிதத்திற்கு வேண்டாவோ? காரிநாயனாரின் கணக்கதிகாரமும் நெல்லும் நிலமும் பொன்னும் கொண்டே கணக்குரைத்தது.

ஆதலின், ஆசிரியராகப் போகும் நண்பர்காள்! பலகையிற் சூத்திரம் எழுதுமுன் மாணாக்கர் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, வகுப்பறைச் சுவரை அளக்கச் சொல்லுமின். கணக்கறியாதான் பிறனை ஏமாற்றக் கருதாதிருந்தும் ஏமாற்றக்கூடும், தானும் ஏமாறக்கூடும். எல்லா வீட்டிற்கும் அம்முதியவரே வருவாரென்பது உறுதியன்று.