சின்ன சேஞ்சுதான் தம்பி!

"சின்ன சேஞ்சுதான் தம்பி, அஞ்சு நிமிஷ வேலை."

ஃப்ரீலான்ஸா பொட்டி தட்டுற யாரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்துலயே இந்த டயலாக்கை ஒப்பிப்பாங்க. ஜவுளிக்கடை வெப்சைட்டுக்குப் பேசினது ஆறு பக்கம். முடியும்போது பார்த்தா ஆன்லைன் பேமென்ட், வாட்ஸ்அப் பட்டன், முதலாளியோட மச்சான் வச்சிருக்கற ஃபேன்சி ஸ்டோருக்குத் தனிப் பக்கம் எல்லாம் உள்ள வந்திருக்கும். காசு மட்டும் அதே ஆறு பக்கத்துக் காசு.

இதுக்கு நம்மாளுங்க குடுக்கற அட்வைஸ்தான் எனக்குச் செம கடுப்பு. "ரிலேஷன்ஷிப் முக்கியம்பா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. நாளைக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வருவாரு." வருவாருங்க, யாரு இல்லைன்னா? ஆனா என்ன சொல்லிக் கூட்டிட்டு வருவாரு? "பையன் கேட்டதெல்லாம் பண்ணுவான், காசு அதிகம் கேக்க மாட்டான்." அதைக் கேட்டு வர்ற நாலு பேரும் எப்படி இருப்பாங்கன்னு நான் வேற சொல்லணுமா?

அதே கடையில ஒரு வேட்டி எடுத்துட்டு, "அண்ணாச்சி, அப்படியே நாலு சட்டையும் போட்டுக் குடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. தனியா பில் போடுவாரு. அது தப்பே இல்லை, வியாபாரம். நாம போட்டா மட்டும் "என்ன தம்பி, நம்மகிட்டயே கணக்குப் பாக்குறீங்க?"

கிளையன்ட்டைத் திட்டி பிரயோசனம் இல்லை. விலை சொல்லாத பொருளை யாரும் இலவசம்னுதான் நினைப்பாங்க. முறைச்சுக்கிட்டு "முடியாது"ன்னு சொல்லச் சொல்லலை. "பண்ணிடலாம் சார். இதுக்கு இவ்வளவு ஆகும், மூணு நாள் ஆகும்"னு ரெண்டே வரி மெயில் போதும். அவசரம்னு சொன்னதுல பாதி அதுக்கப்புறம் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" ஆயிடும். நம்ம கோடுல பக் இருந்தா ஓசியில சரி பண்றது நம்ம கடமை. புதுசா கேட்டா புதுக் காசு. இந்தக் கோட்டை முதல் நாளே எழுத்துல போடணும்.

"விட்டா அடுத்தவன் பண்ணிடுவானே?"ன்னு கேப்பீங்க. புதுசா வந்தவங்களுக்கு அந்த பயம் நியாயமானதுதான். அப்போ பில்லுல முழு விலையையும் போட்டு, அடுத்த வரியில தள்ளுபடின்னு காட்டுங்க. வேலைக்கு ஒரு விலை இருக்குன்னாவது அவருக்குத் தெரியும்.

சட்டம் நமக்கு எதிரியா இருக்குன்னு நினைச்சா அதுவும் இல்லை. 2006ல வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்துல என்ன கெடு பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் பேசலைன்னா 15 நாள்தான். தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. தனி ஆளா தொழில் பண்றவங்களும் உத்யம்ல பதிவு பண்ணலாம், பைசா செலவில்லை. வேலைக்கு முன்னாடியே பண்ணி வச்சுக்குங்க.

இன்னொண்ணு. 1957 காப்புரிமைச் சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புல சேர்த்தி (நம்ம கோடைப் பார்த்தா சிரிப்பு வரும், ஆனா நிஜம் :-)). சம்பளத்துக்கு இருக்கறவன் எழுதினா, வேற மாதிரி பேசிக்கலைன்னா, கம்பெனிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதினா முதல் உரிமை அவருக்குத்தான். எழுத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாதான் அது கைமாறும். அதனால "முழுப் பணமும் வந்த பிறகே உரிமை மாறும்"னு ஒப்பந்தத்துல ஒரு வரி சேருங்க.

இவ்வளவையும் கையில வச்சுக்கிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற போனுக்கு "சரிங்க சார்"னு சொல்லிட்டு ஓசியில லேப்டாப்பைத் திறக்கறதுக்குப் பேரு ரிலேஷன்ஷிப் இல்லை மக்களே. இன்னைக்கு யாராவது அஞ்சு நிமிஷ வேலைன்னு சொன்னா, அதுக்கு ஒரு விலை சொல்லிப் பாருங்க. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழாது.