கூட இருந்து பார்த்துக்கொண்ட நேரம்



ஆவூர், விராலிமலைப் பக்கம் ‘பிள்ளை என்ன வேலை பார்க்குது?’ என்று விசாரித்தால், ‘திருச்சியில மெடிக்கல் கோடிங்’ என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அமெரிக்க நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, எந்தச் சிகிச்சைக்கு எந்த எண் என்று போடுகிற வேலை அது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதலில் வெளியிட்ட ‘சிபிடி’ எண்களே அதற்கு அடிப்படை.

அவற்றில் 2016இல் சேர்ந்த இரண்டு எண்கள் என்னை ரொம்பவே யோசிக்க வைத்தன: 99415, 99416. டாக்டரின் கிளினிக்கிலேயே நோயாளியை உட்கார வைத்து நர்ஸ் கவனிக்கிறார். வழக்கமான நேரத்துக்கு மேல் போகும் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஓர் எண், பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும் இன்னொன்று. டாக்டர் அங்கேயே இருக்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு நோயாளிகளுக்கு மேல் கணக்குக் காட்ட முடியாது. எவ்வளவு நேரம் என்று குறிப்பில் எழுதியிருக்க வேண்டும்.

நம் ஊர் கிளினிக்கிலும் இதே கவனிப்பு நடக்கிறது. வீசிங்கோடு வந்த பெரியவருக்கு நெபுலைசர் வைத்துவிட்டு, ‘உட்காருங்கய்யா, பார்த்துட்டு அனுப்புறேன்’ என்கிறார் டாக்டர். சிஸ்டர் அடிக்கடி வந்து விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டுகிறார், பி.பி. பார்க்கிறார். மூச்சு சீராக மூன்று மணி நேரம் ஆகிறது. சீட்டில் ஊசியும் மாத்திரையும் இருக்கும். அந்த மூன்று மணி நேரம் இருக்காது.

காப்பீட்டிலும் இதே கதைதான். குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்பது நம் பாலிசிகளின் பொது விதி. கண்புரை, டயாலிசிஸ் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் ‘அட்மிஷனே போட்டுருங்க டாக்டர்’ என்று குடும்பத்தாரே கேட்கிறார்கள். வேறு சிலர் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். என் பெரிய கவலை இவர்களைப் பற்றித்தான்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். முதல் தடவை உறைந்துவிட்டாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். விஷம் தாமதமாகவும் ஏறும். ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைத்து, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இங்கே காத்திருப்பதும் சிகிச்சைதான். பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. வயலும் வரப்புமான நம் பக்கத்துக்கு அது எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த முறை கிளினிக்கில் உங்களை உட்கார வைத்தால், வந்த நேரம், போன நேரம், நடுவில் பார்த்த பி.பி., ஆக்ஸிஜன், சர்க்கரை அளவுகள் எல்லாவற்றையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். திருச்சிக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

கோடிங் வேலையில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளே, நீங்கள் படிக்கும் அமெரிக்கக் குறிப்புகளில் நர்ஸுகள் என்னென்ன எழுதுகிறார்கள் என்று பொதுவாக எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நம் கிளினிக்குகளுக்கு ஒரு மாதிரிச் சீட்டு தயாரித்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்