வரப்பில் வளரும் வைத்தியம்

"அரிசியைத் தள்ளு, கேழ்வரகைக் கொள், மாவுச்சத்து ஒழியும்" என்கிறார்கள். ஒழியாது, இரண்டிலுமே பெரும்பங்கு மாவுச்சத்துதான். கேழ்வரகின் சிறப்பு வேறு: 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து, தீட்டிய அரிசியிலோ ஏறத்தாழ 10. 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது முறையே.

ஆனால் மாவுச்சத்தைக் குறைக்க வழி, களியைக் குறைத்துக் கீரையைக் கூட்டுவதே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த எங்கள் திருவாலங்காட்டுப் பக்கம், களையெடுக்கும் பெண்கள் பண்ணைக்கீரையையும் குப்பைக்கீரையையும் மடியில் கட்டி வருவார்கள். காசில்லாக் குழம்பு அது. களைக்கொல்லி தெளித்த வயலில் அந்தக் கீரையும் இல்லை, அவர்களுக்குக் கூலியும் இல்லை.

உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய நாம் பெற்றோரிடம் ஒன்று கேட்போம்: வரப்பையாவது நஞ்சு தெளிக்காமல் விடுங்கள்!