தூக்கி எறியும் கீரை

தாணே ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஜாம்பளி நாக்கா காய்கறிச் சந்தை. காலிபிளவரைத் தராசில் வைக்கும் முன் கடைக்காரர் ஒரு காரியம் செய்கிறார். அடித்தண்டில் கத்தியால் ஒரு வெட்டு. பூவைச் சுற்றியுள்ள பச்சை இலைகள் காலடியில் விழுகின்றன. வாங்குபவருக்கும் இதில் திருப்திதான். இலையின் எடைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வியாபாரம் முடிந்ததும் அந்தக் குவியல் மாடுகளுக்கோ குப்பை வண்டிக்கோ போய்ச் சேரும்.

அதே ஊரில், கோட்பந்தர் சாலையின் பெரிய அங்காடிகளில், இந்த இலையின் நெருங்கிய உறவினர் குளிர்பெட்டிக்குள் கண்ணாடித்தாள் சுற்றி அமர்ந்திருக்கிறார். பெயர் கேல். எடையைப் பார்த்தால் ஒரு கைப்பிடி. விலையைப் பார்த்தால் தண்டுக்கீரை பல கட்டு வாங்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம் என்று கவலைப்படும் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது மருந்துபோலச் சிபாரிசு செய்யப்படுகிறது.

கேலின் பெருமை பொய்யல்ல. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 100 கிராம் பச்சைக் கேலில் கால்சியம் சுமார் 250 மில்லிகிராம், வைட்டமின் சி 90 மில்லிகிராமுக்கு மேல். வைட்டமின் கே-யும் ஏராளம். இதைவிட முக்கியமான சிறப்பு ஒன்று உண்டு. கீரையில் கால்சியம் இருப்பது வேறு; அது உடம்பில் சேர்வது வேறு. பாலக்கில் உள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சுமார் 5 சதவீதமே உடம்புக்குக் கிடைக்கிறது. கேலில் ஆக்ஸலேட் மிகக் குறைவு. 1990ல் ராபர்ட் ஹீனியும் கானி வீவரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், கேலின் கால்சியத்தில் சுமார் 41 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. அதே ஆய்வில் பாலுக்குக் கிடைத்தது 32.

ஆனால் கேல் என்பது என்ன? தலை கட்டாத முட்டைகோஸ். முட்டைகோஸ், காலிபிளவர், நூல்கோல், பிராக்கோலி, கேல் எல்லாமே பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே தாவர இனம். இலைக்காக உழவர்கள் பொறுக்கி வளர்த்தது கேல் ஆனது; பூவுக்காக வளர்த்தது காலிபிளவர்; பருத்த தண்டுக்காக வளர்த்தது நூல்கோல். ஜாம்பளி நாக்காவில் காலடியில் விழுவது, கேலின் உடன்பிறப்பு.

இதைச் சொல்லும் கணக்கு இந்தியாவிலேயே இருக்கிறது. தொடங்கிய இடம் தமிழ்நாடு. 1918ல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயக் குன்னூரில் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937ல் அங்கிருந்து வெளியிட்டவர் அய்க்ராய்ட். 1958ல் நிறுவனம் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. பின்னர் அதன் இயக்குநரான சேலத்துக்காரர் சி.கோபாலன் பெயரில் 1971ல் வந்த அட்டவணை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் 100 கிராம் காலிபிளவர் பூவுக்குக் கால்சியம் 33 மில்லிகிராம். இலைக்கு? 626.

இந்த எண்களைக் கல்லில் பொறித்தவையாகக் கொள்ளக் கூடாது. அளக்கும் முறைகள் நுட்பமானபோது பல கீரைகளின் எண்கள் இறங்கின. முருங்கைக்கீரையின் கால்சியம் பழைய அட்டவணையில் 440 மில்லிகிராம். அதே நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 314. பாலக்கின் இரும்புச்சத்து ஒரு காலத்தில் 10.9 மில்லிகிராம் என்று அச்சாகியிருந்தது. 2017ல் 3 மில்லிகிராம்கூட இல்லை. இறங்கிய பிறகும் முருங்கை கேலுக்குத் தாழ்ந்துவிடவில்லை.

இரும்புக் கணக்கில் ஏமாறுவது சிறு விஷயமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் மகாராஷ்டிரத்தில் 54 சதவீதம், தமிழ்நாட்டில் 53 சதவீதம். கீரையின் இரும்பு உடம்பில் எளிதில் ஒட்டாது. எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும்; சாப்பாட்டோடு டீ குடித்தால் குறையும். ரத்தசோகை என்று மருத்துவர் சொன்ன பெண்ணுக்கு மாத்திரைதான் வேண்டும். கேலோ கீரையோ அதற்கு மாற்று ஆகாது.

கேலைக் கண்டு மயங்காத சமையல்களும் இந்தியாவில் உண்டு. காஷ்மீரிகளின் அன்றாட உணவான ஹாக், கேலின் வகையறாதான். நூல்கோலை இலையோடு சேர்த்தே அவர்கள் சமைக்கிறார்கள். பஞ்சாபி வீடுகளில் காலிபிளவர் தண்டுக்கும் இலைக்கும் தனிக் கறியே இருக்கிறது. முருங்கைக்கீரைக்கும் அகத்திக்கீரைக்கும் தாணேயிலிருந்து மாட்டுங்கா சந்தைக்கு ரயிலேறும் தமிழ்க் குடும்பங்கள்தான், வீட்டுப் பக்கத்துச் சந்தையில் காலிபிளவர் இலையை விட்டுவிட்டு வருகின்றன.

சமைப்பதில் வித்தை எதுவும் இல்லை. காலிபிளவருக்குப் பூச்சிமருந்து அதிகம் அடிப்பார்கள். எனவே முற்றிய வெளி இலைகளை ஒதுக்கிவிட்டு, பூவை ஒட்டிய இளம் இலைகளை எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் சற்று நேரம் போட்டு, ஓடும் குழாய் நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். தேங்காய் போட்டுப் பொரியலும் செய்யலாம். தாளிக்கும் எண்ணெயும் தேங்காயும் ருசிக்கு மட்டுமல்ல. கீரையிலுள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு தேவை.

எல்லோருக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வைட்டமின் கே நிறைந்த இலைகளைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் இவற்றைப் பச்சையாக அரைத்து டம்ளர் டம்ளராகக் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. வேகவைத்து அளவோடு சாப்பிட்டால் பயமில்லை.

மாதச் சம்பளத்தில் பாதி வீட்டு வாடகைக்கும் கடன் தவணைக்கும் போகிற ஊரில், ஆரோக்கியமும் விலை உயர்ந்த பொருள் என்று நினைத்துக்கொள்வது எளிது. ஜாம்பளி நாக்காவில் கடைக்காரர் கத்தியை எடுக்கும்போது “இலை இருக்கட்டும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.